மூடுபனியில் காய்ந்த கணவாய்

போன சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, ஏற்காட்டில் நாங்கள் வகுப்பு நடத்தும் சமுதாயக் கூடத்தின் சுவரில் 12 தாள்களையும் நைலான் கயிற்றில் துணிக் கிளிப் போட்டு மாட்டி முடித்தோம். வரிசைக்கு நான்கு, மொத்தம் மூன்று வரிசை. ஐந்தடி அகலம், மூன்றடிக்குச் சற்றுக் குறைந்த உயரம். இந்தச் சுவர் முழுக்க ஒரே ஓர் ஓட்டுக்கணவாய் (முதுகுக்குள் ஓடு உள்ள கடல் உயிரி) குறுக்கே நீந்துகிறது. நீலத்தில் உப்பு பூத்தது பூத்தபடி இருக்கிறது. கணவாயின் கைகளில் ஒட்டிய ஜவ்வரிசி ஒன்றுகூட உதிரவில்லை. பூஞ்சை இல்லை, எறும்பு வரவில்லை.

இதற்கு முன்னால் இரண்டு முறை மொத்தமும் கெட்டுப்போனது. எங்கே கெட்டது, எதை மாற்றினோம் என்பதை மறப்பதற்குள் எழுதி வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். மலையில் பிள்ளைகளுக்குப் படம் சொல்லித்தருகிறவர்களுக்கு, அது கொல்லிமலையோ கொடைக்கானலோ, இதில் பாதியாவது உதவும்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை வெறும் பென்சிலும் தாளும் கொடுத்து, "கடல் வரைங்க" என்றேன். பன்னிரண்டு பேர், 7 வயதிலிருந்து 12 வயது வரை. பெரும்பாலும் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள். அதில் ஒன்பது பேர் கடலைப் பார்த்ததே இல்லை. சேலத்திலிருந்து கடலூர் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். அதற்கும் முதலில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கியாக வேண்டும். வந்த படங்களில் ஏழு, ஏற்காடு ஏரி. கரையில் கம்பி வேலி, நடுவில் மிதி படகு, எதிர்க்கரையில் மரம். ஒரு பெண் மட்டும் எதிர்க்கரை மரங்களை அழித்துவிட்டு, ரப்பர் தூளை ஊதியபடி, "அந்தப் பக்கம் என்ன மிஸ் இருக்கும்?" என்று கேட்டாள்.

மீதிப் படங்களில் ஆக்டோபஸ் இருந்தது. டிவியில் வருகிற ஆக்டோபஸ். வட்டத் தலை, சிரித்த வாய், கீழே நூடுல்ஸ் மாதிரி நாலைந்து கை. செல்போனில் புகைப்படம் காட்டினால் இந்த டிவி ஆக்டோபஸ் போய் இன்னொரு படத்தின் நகல் வரும், அவ்வளவுதான். கையில் தொட்டுப் பார்க்கிற உயிரி வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

முதலில் தோன்றியது சிப்பி, சங்கு. ஒரு பையனின் சித்தப்பா ராமேஸ்வரம் போய்வந்தபோது வாங்கிய பையைக் கொடுத்தனுப்பினார். அதில் சிப்பிகளோடு வெள்ளையாக ஒரு பவளப்பாறைத் துண்டும் இருந்தது. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. சங்கு, சோழியிலும் சில வகைகள் அதில் உண்டு. எது எது என்று பிரிக்க எனக்குத் தெரியாது. பையை அப்படியே கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் ஒட்டி விளையாட, உயிரோடு இருக்க வேண்டிய ஒன்றைப் பிய்த்தெடுத்த துண்டு வேண்டாம் என்பதுதான் சட்டத்தைவிட எனக்குப் பெரிய காரணமாக இருந்தது. சந்தையில் சமையலுக்கு வருகிற கணவாய் அப்படி இல்லை. பார்த்து முடித்ததும் குழம்பு வைக்கலாம்.

இரண்டாவது சனிக்கிழமை விடியற்காலை சூரமங்கலம் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். "வரையறதுக்கா? அப்ப மை கொட்டாததா பார்த்து எடுத்துக்கோங்கக்கா" என்று மீன்காரத் தம்பி தேடித் தேடி, மைப்பை உடையாத நான்கு ஓட்டுக்கணவாய் எடுத்துக் கொடுத்தார். கிலோ 340 ரூபாய். நாகப்பட்டினத்து லோடு என்றார். தெர்மகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, டேப் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறினேன். முந்தின வாரமே வீடுகளுக்குச் சொல்லி அனுப்பி, மீன், இறால் சாப்பிட்டால் தடிப்பு வருகிற பிள்ளை யாராவது உண்டா என்று கேட்டு வைத்திருந்தேன். இதைத் தவற விடாதீர்கள். தொட்டாலே சிலருக்குச் சேராது.

அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எவர்சில்வர் தாம்பாளத்தில் கணவாயை வைத்ததும் முதல் ஐந்து நிமிடம் யாரும் கிட்டே வரவில்லை. அப்புறம் ஒரு விரல், இரண்டு விரல், முழுக் கை. "கை எத்தனை, எண்ணிச் சொல்லுங்க" என்றேன். எட்டு என்றார்கள். கண்ணுக்குக் கீழே விரலை விட்டு இழுத்தேன். உள்ளே மடித்து வைத்திருந்த நீளமான இரண்டு கை, ரிப்பன் மாதிரி வெளியே வந்தது. கூடமே கத்தியது. மற்ற எட்டுக் கையிலும் அடியிலிருந்து நுனிவரை உறிஞ்சு குழி இருக்கும். நீளக் கை இரண்டிலும் நுனியில் மட்டும்தான். எட்டுக் கையிலும் குழி அடியில் பெரிதாகத் தொடங்கி நுனிக்குப் போகப் போகக் கடுகளவு சிறுக்கிறது. பிள்ளைகள் அந்தக் குழிக்கு வைத்த பேர் 'பட்டன்'. நானும் இனி பட்டன் என்றே எழுதுகிறேன்.

இதற்கு மூன்று இதயம், இரத்தம் நீலம் என்றேன். இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால் அந்த நிறம். அதைவிட அவர்களைப் பிடித்து நிறுத்தியது இன்னொன்று. கணவாய் கண்ணிமைக்கும் நேரத்தில் தோலின் நிறத்தை மாற்றும். மணலில் மணல் மாதிரி, பாசியில் பாசி மாதிரி. ஆனால் அதன் கண்ணுக்கு நிறங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது என்றுதான் ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். "அப்புறம் எப்படி மிஸ் கலர் கரெக்டா வருது?" என்று அன்று முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

முதுகை வெட்டி உள்ளே இருந்த ஓடுகளை எடுத்துக் கழுவினோம். நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று விற்பது இதுதான். 100 கிராம் 60 ரூபாய்க்கு ஏற்கனவே வாங்கி வந்திருந்தேன். கடையில் வாங்கியதும் தட்டில் கிடப்பதும் ஒன்றே என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். மைப்பையைக் கத்தரித்து, மையைக் கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டுக் கரைத்தோம். குச்சியை மையில் தோய்த்து, எதிரில் கிடந்த கணவாயைப் பார்த்தே வரைந்தார்கள். செபியா என்று நாம் சொல்லும் பழுப்பு நிறத்துக்கு அந்தப் பேர் இந்த மையிலிருந்து வந்தது. கணவாய் தன் மையால் தன்னையே வரைந்துகொண்ட மாதிரி இருந்தது அந்தப் பன்னிரண்டு படமும். டிவி ஆக்டோபஸ் அன்றோடு காணாமல் போனது.

சுவருக்கான பெரிய படம் மூன்றாவது வாரம் தொடங்கியது. நான் போட்ட திட்டம் இது: சார்ட் பேப்பரை 11க்கு 15 அங்குலமாக வெட்டுவது, பெரிய கணவாயின் கோட்டை 12 தாளிலும் பிரித்து வரைவது, ஜவ்வரிசியைப் பட்டன்களாக ஒட்டுவது, மேலே வர்ணம் ஒட்டாத மெழுகுக் கோடு, அதன்மேல் நீல வர்ணம், வர்ணம் ஈரமாக இருக்கும்போதே கல் உப்பு. முந்தின வியாழக்கிழமை சேலத்தில் எங்கள் மொட்டை மாடியில் வர்ணத்தையும் உப்பையும் சோதித்துப் பார்த்தேன். உப்பு விழுந்த இடமெல்லாம் நீலத்தை உறிஞ்சி, சுற்றிலும் வெள்ளையாக நட்சத்திரம் பூத்தது. வர்ணத்தின் பளபளப்பு அடங்க நான்கு நிமிடம், முழுக்கக் காய இருபது நிமிடம்.

ஏற்காட்டில் அன்று காலை பத்து மணிக்கு ஜன்னலுக்கு வெளியே பத்தடி தள்ளி இருந்த சில்வர் ஓக் மரம் தெரியவில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், வடகிழக்குப் பருவமழைக் காலம். வர்ணம் பூசி உப்புத் தூவினோம். பளபளப்பு அடங்கவே 25 நிமிடம் ஆனது. அதற்குள் உப்பு நட்சத்திரம் போடாமல் தானே கரைந்து குளமாக நின்றது. பனியில் உப்புக் கல் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காயவேண்டிய தாளை அதுவே நனைத்துக்கொண்டிருந்தது. மூன்று நாள் கழித்துக் கூடத்தைத் திறந்துவிடுகிறவர் போன் செய்து, தாள் இன்னும் ஈரமாக இருக்கிறது என்றார். முதலில் ஒட்டிய ஜவ்வரிசி எல்லாத் தண்ணீரையும் குடித்து ஊதி, விரல் பட்டால் பாயசத்தில் கிடப்பது போல நசுங்கியது. அடுத்த சனிக்கிழமை அதன்மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. சார்ட் பேப்பர் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டோம். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. நான் சோதித்தது ஓர் ஊரில், செய்யச் சொன்னது வேறோர் ஊரில். அது அவர்கள் தவறு அல்ல என்று சொன்னேன்.

அந்த வாரம் நான் இன்னொரு தவறான வழியிலும் போனேன். பின்னணியை நானே சேலத்து வெயிலில் போட்டுக் கொண்டுபோய்விட்டால் என்ன என்று, கனமான தாள் ஒன்று வாங்கி நான்காக வெட்டி, அருமையாக உப்பு பூத்த நாலு நீலத் தாள் செய்து எடுத்துப் போனேன். பிள்ளைகள் பார்த்தார்கள். "சூப்பரா இருக்கு மிஸ்" என்றார்கள். ஒரு பையன், "இது யார் போட்டது?" என்றான். நான்தான் என்றேன். அப்புறம் யாரும் அதைத் தொடவில்லை. அதன்மேல் வரையச் சொன்னபோது ஓரத்தில் சின்னதாக ஒரு மீன் வரைந்து நிறுத்திக்கொண்டார்கள். அதோடு அந்த யோசனையை விட்டேன். எவ்வளவு மெதுவாகக் காய்ந்தாலும் அந்த நீலத்தை மலையில் அவர்கள் கையாலேயே போட வேண்டும்.

உப்புக்கு வழி சொன்னது என் அத்தை. சமையலறையில் நான் புலம்பிக்கொண்டிருந்ததைக் கேட்டு, "மழை நாள்ல உப்ப வறுத்துத்தானே வெப்போம், அது தெரியாதா உனக்கு?" என்றார். இரும்புச் சட்டியில் கால் கிலோ கல் உப்பைப் போட்டு, மிதமான தீயில் ஏழெட்டு நிமிடம், வெடிக்கிற சத்தம் நிற்கும் வரை வறுத்தேன். சூடு ஆறியதும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, அடியில் ஒரு கைப்பிடி அரிசியைத் துணியில் முடிந்து வைத்து, இறுக மூடினேன். தூவுகிற நேரத்தில்தான் மூடியைத் திறக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு சிட்டிகை. நான் கையில் போடுவேன், உடனே தூவிவிட வேண்டும்.

தாளையும் மாற்றினேன். 22க்கு 30 அங்குல 300 ஜிஎஸ்எம் கனத் தாள், ஒன்று 95 ரூபாய். நான்காக மடித்து வெட்டினால் 11க்கு 15 சரியாக வரும். நெளிவைத் தடுக்கப் பசை நாடாவால் பலகையில் ஒட்டிப் பார்த்தேன். பனியில் நாடாவே காயாமல் கழன்றது. தச்சர் ஒருவரிடம் கழிவு பிளைவுட்டை 12க்கு 16 அங்குலமாக 12 துண்டு வெட்டி வாங்கினேன், வெட்டுக்கூலி 200 ரூபாய். தாளை அதில் வைத்து நாலு ஓரத்திலும் துணிக் கிளிப் போட்டால் போதும். கிளிப்பைப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள்.

அடுத்து தண்ணீர். சேலத்தில் தாளை நனைத்துவிட்டு வர்ணம் பூசுவேன். மலையில் அது கூடாது. உலர்ந்த தாளில், பிரஷ்ஷைக் கிண்ணத்து விளிம்பில் இரண்டு முறை வழித்துவிட்டு, கெட்டியான வர்ணம் ஒரே பூச்சு. தாளைக் கண்ணுக்கு நேராகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கண்ணாடி மாதிரி மின்னினால் இன்னும் நேரம் இருக்கிறது. பட்டுத்துணி மாதிரி மங்கலாக மின்னும்போது உப்பு. எட்டு வயதுப் பையன் ஒருவன் இதை என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டான். மற்றவர்கள் அவனிடம் தாளைச் சாய்த்துக் காட்டி, "பட்டா, கண்ணாடியா?" என்று கேட்டுவிட்டுத்தான் தூவினார்கள். அன்று 11 நிமிடத்தில் பட்டு வந்தது. உப்பு விழுந்து பத்து நிமிடம் கழித்து ஹேர் டிரையரை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் காட்டினோம். சீக்கிரமே காட்டினால் வர்ணம் ஓடி நட்சத்திரம் கலைந்துவிடும். காய்ந்தவுடனே உப்பைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் முழுக்கத் தட்டிவிட வேண்டும். ஒரு கல் விட்டாலும் ராத்திரிப் பனியில் அந்த இடம் மறுபடி நனைகிறது.

மெழுகிலும் ஒரு சங்கதி உண்டு. வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகுவர்த்தியால் தேய்த்தால் எங்கே தேய்த்தோம் என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்க்கிறது. தவிர, குளிரில் மெழுகு கல்லாகி வழுக்குகிறது, தாளில் ஒட்டுவதே இல்லை. ஆயில் பேஸ்டலில் வெளிர் மஞ்சள், வெளிர் நீலம் இரண்டையும் எடுத்துக்கொண்டோம். வரைவதற்கு முன் ஐந்து நிமிடம் அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டால் வெண்ணெய் மாதிரி இழுக்கிறது. நீரோட்டம், சொறி மீன் (ஜெல்லி மீன்), குமிழி எல்லாம் பேஸ்டலில். அதன்மேல் நீலம் போகும்போது கோடுகள் மேலே எழும்பி வருவதைப் பார்த்து, ஒவ்வொருவரும் தங்கள் தாளைப் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டினார்கள்.

இவ்வளவு சரியாக வந்தும் இரண்டாவது முறையும் கெட்டது. ஆசையில் நான் செய்த தப்பு: கணவாய் மை மீதி இருந்ததை ஃப்ரீசரில் வைத்திருந்தேன். கணவாயின் முதுகுக் கோடுகளை அந்த மையால் போட்டால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று தோன்றியது. போட்டோம். அழகாகத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் கோட்டின் மேலேயே எறும்புச் சாரை. கூடத்தில் கவிச்சை வேறு. மையில் இருக்கும் சளி காய்ந்தாலும் ஈரக் காற்றில் மறுபடி உயிர் பெறுகிறது. அதோடு, மரவள்ளி மாவில் காய்ச்சிய பசையால் பாசியாக ஒட்டிய காற்றாடித் தாள் எல்லாம் விளிம்பில் பூஞ்சை பிடித்து எழும்பியது. சேலத்தில் மரவள்ளி மாவுக்குப் பஞ்சமா, செலவு குறையுமே என்று காய்ச்சியது. சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் இந்தப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், அதனால் கெடாது. அது விஷம். பிள்ளைகள் கை வைக்கிற பசையில் கலக்கவே கூடாது. ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர் சேர்த்ததற்கு மாறினேன். செலவு கூடினாலும் அதுதான் நிற்கிறது.

மாவுப் பசையோடு வைத்த ஜவ்வரிசியும் மறுபடி நமத்துப்போனது. ஜவ்வரிசியை விட்டுவிட்டு ஜமுக்கி, பாசிமணி வாங்கலாமா என்று நினைத்தேன். ஆனால் விட மனம் வரவில்லை. சேலம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஜவ்வரிசி வீட்டுச் சாமான். மரவள்ளிக் காடு, மாவு மில், காய வைத்த களம் எல்லாம் அவர்கள் பஸ்ஸில் போகும்போது பார்ப்பது. கடல் அவர்களுக்குத் தூரம். அதற்கு ஒரு கைப்பிடியாவது பக்கத்திலிருந்து வரட்டும் என்பது என் பிடிவாதம்.

வழி கூடத்துக்குப் பக்கத்து வீட்டு ஆயாவிடமிருந்து வந்தது. கெட்டுப்போன தாள்களை வெளியே கொண்டுவந்து போட்டபோது எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். "ஏங்கண்ணு, ஒட்டிப்புட்டு எதுக்குக் காய வெக்கறீங்க? காய வெச்சுப்புட்டு ஒட்டுங்க. எங்கூட்டுப் பரண்ல ஏத்து, மொளகோட மொளகா கெடக்கட்டும்" என்றார். அவர் வீட்டில் விறகடுப்பு. அடுப்புக்கு மேலே மூங்கில் பரண். மழைக்காலத்தில் மிளகு காய்வது அதில்தான்.

அப்படியே செய்தோம். செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி அரைக் கிலோ வாங்கினேன், 40 ரூபாய். இந்த முறை மாவு ஜவ்வரிசி இல்லை, நைலான் ஜவ்வரிசி. மாவு ஜவ்வரிசி வர்ணத்தை நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் ஈரம் பட்டால் சீக்கிரம் குழைகிறது. நைலான் வகை கெட்டி. வீட்டில் இருந்த இரண்டு சல்லடையால் சலித்துப் பெரியது, நடுத்தரம், பொடி என்று மூன்றாகப் பிரித்தோம். ஒரு டம்ளர் ஜவ்வரிசிக்கு ஒரு ஸ்பூன் அக்ரிலிக் வர்ணம், அரை ஸ்பூன் ஃபெவிகால். தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். பாட்டிலில் போட்டு மூடிக் குலுக்குவது பிள்ளைகளுக்குத் திருவிழா. பழைய அரிசிப் பையின் பிளாஸ்டிக் பக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, முறத்தில் வைத்துப் பரணில் ஏற்றினோம். ஒரு வாரம். இறக்கியபோது பல்லில் கடித்தால் பல் போகும் அளவுக்கு இறுகியிருந்தது. வெளிர் ஆரஞ்சு நிறம் புகையில் சற்று மங்கிப் பழுப்பேறியிருந்தது. கணவாய்க்கு அந்த நிறம் இன்னும் பொருந்தியது.

ஆயா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை வைத்து மொத்த வரிசையையும் மாற்றினேன். ஈரமான வேலை எல்லாம் முதலில், முழுக்கக் காய வேண்டும். தனியாகக் காய்ந்த பொருள் மட்டுமே கடைசியில் ஒட்டும். ஆக, மூன்றாவது முறை செய்தது இந்த வரிசை: முதல் வாரம் பேஸ்டல், நீலம், உப்பு. காய்ந்த தாள்களை நாளிதழுக்கு இடையில் அடுக்கி, மேலே பிளைவுட், அதன்மேல் ஆறு செங்கல்; அடுத்த வாரம் வரை. இரண்டாவது வாரம் காற்றாடித் தாளைக் கிழித்துப் பாசியாக ஒட்டுவது. நனைந்தால் இந்தத் தாள் சாயம் விடும், அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பச்சை, நீலத்தில் கசிந்து வேர் விட்ட மாதிரி நிற்கிறது. கத்தரியை ஒளித்து வைத்துவிட்டேன், கிழித்த விளிம்புதான் பாசி போல இருக்கும். மூன்றாவது வாரம் கணவாய்.

கணவாயின் கோடு பெரிய தலைவலி. முதல் இரண்டு முறையும் ஆரம்பத்திலேயே 12 தாளையும் சேர்த்து வைத்துக் கோடு போட்டிருந்தேன். நனைந்து காய்ந்த பிறகு சேர்த்துப் பார்த்தால் ஒரு தாளில் முடிந்த கை, அடுத்த தாளில் 4, 5 மில்லிமீட்டர் தள்ளித் தொடங்கியது. இந்த முறை எல்லாம் காய்ந்து, தட்டையான பிறகு, தரையில் 12 தாளையும் ஒட்டி அடுக்கி, சாக்பீஸால் கணவாயை வரைந்தோம். இரண்டு பிள்ளைகள் நாற்காலி மேல் நின்று, "இடது பக்கம் இன்னும் கொஞ்சம்" என்று சொல்ல, மற்றவர்கள் முட்டி போட்டு வரைந்தார்கள். எட்டுக் கை, இரண்டு நீளக் கை. நீளக் கை நுனியில் மட்டும் பட்டன் என்று ஒருத்தி எல்லோருக்கும் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தாள்.

உடம்புக்கு என்ன நிறம் என்று பெரிய சண்டை. முடிவில் அந்த எதிர்க்கரையை அழித்த பெண்தான் சொன்னாள்: "ஒவ்வொரு தாள்லயும் பக்கத்துல என்ன இருக்கோ அந்தக் கலர் ஆயிடட்டும் மிஸ். கணவாய் அப்படித்தானே?" அதனால் பாசி இருக்கும் தாளில் கணவாய் பச்சை, மணல் தாளில் பழுப்பு, ஆழமான தாளில் கிட்டத்தட்டக் கருநீலம். எனக்கு இது தோன்றியிருக்காது.

மணலுக்குக் கடல் நுரை. மரம் தேய்க்கும் உப்புத்தாளில் தேய்த்தால் சாக்பீஸ் தூள் போல உதிரும். இரண்டு பங்கு தூளுக்கு ஒரு பங்கு ஃபெவிகால், ஐஸ்கிரீம் குச்சியால் தடவி, சீப்பால் இழுத்தால் அலை படிந்த மணல். தேய்க்கும்போது மூக்கை மறைத்துக் கைக்குட்டை கட்டிக்கொள்ள வேண்டும், தூள் மிக நைசாகப் பறக்கிறது. வெட்டி எடுத்த நான்கு ஓடும் கடையில் வாங்கியதும் சேர்த்து ஐந்து தாளுக்குப் போதுமானதாக இருந்தது. சொறி மீனின் தொங்கும் இழைகளுக்கு அம்மாப்பேட்டையில் தறி வைத்திருக்கும் தெரிந்தவர் கழிவு நூல் ஒரு பை சும்மா கொடுத்தார். ஒட்டுவது மேல் முனையில் மட்டும். கீழே விட்டுவிட்டால் ஜன்னலைத் திறக்கும்போது ஆடும்.

கடைசியில் பட்டன். ஃபெவிகாலைத் தண்ணீர் கலக்காமல் குச்சி முனையால் புள்ளி வைத்து, பெரிய ஜவ்வரிசி அடியில், நடுத்தரம் நடுவில், பொடி நுனியில். எட்டுக் கைக்கு எவ்வளவு ஆகும் என்று ஒரு பையன் எண்ணத் தொடங்கி 600 தாண்டியதும் விட்டுவிட்டான். இரண்டு வகுப்பு முழுக்க இதற்கே போனது. அலுக்கும் என்று பயந்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

செலவு மொத்தம் இப்படி: வீணான சார்ட் பேப்பர் 120, கனத் தாள் ஏழு 665, பிளைவுட் வெட்டுக்கூலி 200, கணவாய் 340, கடல் நுரை 60, அக்ரிலிக், போஸ்டர் வர்ணம் 480, ஆயில் பேஸ்டல் இரண்டு டப்பா 220, ஃபெவிகால் 150, ஜவ்வரிசி 40, காற்றாடித் தாள் 50, உப்பு 15, முதலில் வாங்கிய மெழுகுவர்த்தி 30. ஆக 2,370 ரூபாய், பஸ் செலவு நீங்கலாக. பிள்ளைக்கு 200 ரூபாய்க்குள். தப்புகள் இல்லாமல் செய்திருந்தால் இதில் 500க்கு மேல் மிச்சமாகியிருக்கும்.

அடுத்த முறை மாற்றப்போவது சில. கணவாய் மைக்குத் தனித் தாள், அன்றே வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம், அதனால் கோடை விடுமுறையில் கணவாய் வகுப்பு வைக்கக் கூடாது. பரணுக்கு ஆயாவை மட்டும் நம்பாமல் இன்னும் ஒரு வீடு பார்த்து வைக்க வேண்டும்; மிளகு அதிகம் வருகிற வாரத்தில் அவருக்கு இடம் வேண்டும். காற்றாடித் தாளின் சாயம் வெயிலில் வெளுக்கும், அதனால் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டக் கூடாது என்பதை மாட்டி முடித்த பிறகுதான் கவனித்தேன். நாளை மறுநாள் போய், படத்தை உள்பக்கச் சுவருக்கு மாற்ற வேண்டும். அங்கே ஆணி இல்லை. துளை போடும் மெஷினைத் தம்பியிடம் கேட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை மாட்டி முடித்ததும் ஆயாவை அழைத்து வந்து காட்டினோம். வெகுநேரம் பார்த்தார். கிட்டே போய் ஒரு பட்டனை நகத்தால் கீறிப் பார்த்தார், வரவில்லை. "நல்லா காஞ்சிருக்குது" என்றார்.